மூணாறில் ட்ரோன் பறக்கவிடும் முன்

2023ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டுயானை நடந்து போனது. பெயர் அரிக்கொம்பன். மூணாறை அடுத்த சின்னக்கானலில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய யானை அது. நான்கு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 29 அன்று, கேரள வனத்துறை அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. அங்கிருந்து மலையிறங்கிக் கம்பத்துக்கே வந்துவிட்டது. ஊரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். யானை ஒரு தோப்பில் ஒதுங்கி நின்றது. வனத்துறையினரும் போலீசாரும் சுற்றிலும் காவல் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, யூடியூபில் போட வீடியோ எடுப்பதற்காக ஒருவர் யானைக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டார். இரைச்சல் கேட்டு யானை மிரண்டு ஓடியது. பறக்கவிட்டவரைப் போலீசார் கைது செய்தனர். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டு, அரிக்கொம்பனைக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் சேர்த்தது.

அந்த ட்ரோன் சரியாகத்தான் வேலை செய்தது. ஏறச் சொன்னால் ஏறியது, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. இன்று கடையில் வாங்கும் சிறிய ட்ரோன் எதை எடுத்தாலும் இப்படித்தான்: பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவர் அதை அந்தரத்தில் அசையாமல் நிறுத்திவிடுவார். பறப்பதில் கடினமான பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. எங்கே பறக்கலாம், எப்போது இறக்க வேண்டும், எதன்மேல் போகக் கூடாது என்ற முடிவு மட்டும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது. புதிதாகக் கற்பவர் படிக்க வேண்டிய பாடம் முழுக்க அந்த முடிவுகளைப் பற்றியதுதான். மூணாறு போன்ற மலைநாட்டில் அதற்குக் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு இறக்கைகளின் கணக்கு

கல்யாண வீடியோக்காரர்கள் ஹெலிகேம் என்று சொல்லும் நான்கு இறக்கை ட்ரோனை மேசையில் வைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு இறக்கைகள் வலப்பக்கமாகச் சுழலும். மற்ற இரண்டும் இடப்பக்கமாகச் சுழலும். நான்கும் ஒரே பக்கம் சுழன்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடல் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடும். இரண்டுக்கு இரண்டு என்று பிரித்ததால் அந்தத் திருப்புவிசை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கிறது. முன்னே போக வேண்டுமா? பின் இறக்கைகள் கொஞ்சம் வேகம் கூட்டும், உடல் முன்பக்கம் சாயும், உந்துவிசையின் ஒரு பங்கு முன்னோக்கி இழுக்கும். நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமென்றால் ஒரு மூலைவிட்ட ஜோடி வேகம் கூட்டும், மற்ற ஜோடி குறைக்கும்.

உடைந்த இறக்கையை மாற்றும்போது இதை மறந்துவிடக் கூடாது. இரண்டு வகை இறக்கைகளின் வளைவும் நேரெதிர். அதனால்தான் ஒரு ஜோடியில் சிறிய கோடோ வண்ண வளையமோ அடையாளமாகப் போட்டிருப்பார்கள். அதே அடையாளம் மோட்டாரின் கையிலும் இருக்கும். மாற்றி மாட்டிய ட்ரோன் தரையைவிட்டு எழும்பிய கணமே கவிழும்.

இந்தச் சமநிலையை மனிதக் கையால் காப்பாற்ற முடியாது. உள்ளே இருக்கும் சுழற்சி உணரியும் முடுக்க உணரியும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சாய்வை அளந்து சொல்ல, ஒரு சிறு கணினி ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. கிடைமட்டத்தில் நகராமல் நிற்க ஜி.பி.எஸ்.; எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்று அறிய காந்த ஊசியின் வேலையைச் செய்யும் ஓர் உணரி; உயரம் அறிய காற்றழுத்தமானி; தரைக்கு அருகில் வந்தால் அடிவயிற்றில் இருக்கும் கேமரா. இத்தனை புலன்கள் இருப்பதால்தான் ரிமோட்டின் குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் அது விழாமல் நிற்கிறது. ஆனால் மலையில் இந்தப் புலன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது.

மெலிந்த காற்று

மூணாறு நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. கடலோரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.225 கிலோ, 1,500 மீட்டர் உயரத்தில் அது 1.06 கிலோ. கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைவு. இறக்கை என்பது காற்றைக் கீழே தள்ளி அந்த எதிர்விசையில் ட்ரோனைத் தூக்கும் கருவி. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால், அதே எடையைத் தூக்க வேகமாகச் சுழல வேண்டும். உந்துவிசை காற்றின் அடர்த்திக்கும் சுழல்வேகத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறுவதால், மூணாறில் அந்தரத்தில் நிற்பதற்கு மோட்டார்கள் சென்னையில் சுழல்வதைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். செலவாகும் மின்திறனும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மீசைப்புலிமலை உச்சி 2,600 மீட்டருக்கு மேல்; அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட 23 சதவீதம் குறைவு.

எட்டு சதவீதம் பெரிய நஷ்டமாகத் தோன்றாது. ஆனால் பெட்டியில் அச்சிட்ட 30 நிமிடம் என்பது காற்றே வீசாத இடத்தில், பேட்டரி தீரும்வரை பறந்து எடுத்த கணக்கு. அதில் மலைக்காற்றின் மெலிவு, எதிர்காற்று, குளிர், பத்திரமாக இறங்க வைக்கும் கையிருப்பு எல்லாவற்றையும் கழித்தால் 18 நிமிடம் மிஞ்சினாலே நல்லது. பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் ட்ரோன் நம் தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்குத் தனிக் கணக்கு உண்டு. ஜனவரியில் செண்டுவாரை, செவன்மலை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் புல்வெளியில் உறைபனி படிவது வழக்கம். லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை குளிரில் மந்தமாகிறது, உள்தடை கூடுகிறது. திரையில் 60 சதவீதம் இருப்பதாகக் காட்டும்போதே, திடீரென்று வேகம் கொடுத்தால் மின்னழுத்தம் சரிந்து ட்ரோன் தானாக இறங்கத் தொடங்கலாம். விடியற்காலை பனியோடு சூரியன் எழுவதைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துச் சூடு குறையாமல் கொண்டுபோக வேண்டும். மேலே எழுப்பிய பிறகும் ஒரு நிமிடம் தலையளவு உயரத்தில் நிறுத்தி, பேட்டரியைச் சூடேற விட்டுத்தான் தள்ளிப் போக வேண்டும்.

திரை சொல்லும் உயரம்

மலையில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது உயர எண். ட்ரோனின் காற்றழுத்தமானி உயரத்தை நேராக அளப்பதில்லை. புறப்பட்ட இடத்தில் இருந்த அழுத்தத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, ஏற ஏற அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. மூணாறு உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 10 பாஸ்கல் குறையும். ஆகவே திரையில் தெரியும் 40 மீட்டர் என்பது நாம் நிற்கும் இடத்துக்கு மேலே 40 மீட்டர். அந்த நொடியில் ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

சமவெளியில் இரண்டும் ஒன்றுதான். டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்று தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கை நோக்கி அனுப்பினால், திரை 20 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் பாதாளம் இருக்கும். தரையிலிருந்து 120 மீட்டர் என்ற சட்ட வரம்பை நாம் விளிம்பைத் தாண்டிய சில விநாடிகளிலேயே மீறியிருப்போம். சரிவின் மேல்பக்கம் அனுப்பினால் ஆபத்து தலைகீழாக வருகிறது. திரை 30 மீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருக்க, தேயிலைச் சரிவு ஏறி ஏறி வந்து ட்ரோனின் காலைத் தொட்டுவிடும். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், சரிவுகளில் அடர்ந்து நிற்கும் கிராண்டிஸ் தைலமரங்களும் அதற்கு முன்பே இடிக்கும். இலை உதிர்ந்த கொப்புகள் கேமராப் படத்தில் தெரியவே தெரியாது.

இதே எண்தான் வீடு திரும்பும் வசதியையும் கெடுக்கிறது. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் ட்ரோன் முன்பே குறித்த உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும். அந்த உயரமும் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டதுதான். ரிமோட் பயன்படுத்தும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளம் பன்னிரண்டு செ.மீ., ஐந்து செ.மீ. அளவு, பாறையும் ஈர மண்ணும் அவற்றை அப்படியே தடுத்துவிடும். ஒரு மேட்டுக்குப் பின்னால் ட்ரோன் போன மாத்திரத்தில் சிக்னல் போகும். நாம் திரும்பும் உயரம் 40 மீட்டர் என்று வைத்திருக்க, இடையில் இருக்கும் மேடு நம்மைவிட 60 மீட்டர் உயரமாக இருந்தால், ட்ரோன் கட்டளை தவறாமல் நேராக வந்து மேட்டில் மோதும். புறப்படுமுன் சுற்றிலும் பார்த்து, பறக்கப்போகும் வட்டத்துக்குள் எது மிக உயரமோ அதைவிட 20 மீட்டராவது கூட்டித் திரும்பும் உயரத்தை வைக்க வேண்டும். அப்படிக் கூட்டினால் வரம்பைத் தாண்டும் இடமென்றால், அந்த இடமே புதியவருக்கு ஏற்றதல்ல.

காந்த உணரிக்கும் கவனம் தேவை. காட்சி முனைகளில் போட்டிருக்கும் கம்பி வேலி, கான்கிரீட் மேடைக்குள் இருக்கும் கம்பி, நிறுத்திவைத்த ஜீப், தகரக் கூரை ஆகியவற்றுக்குப் பக்கத்திலிருந்து எழுப்பினால் திசை தப்பும். திசை தப்பிய ட்ரோன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், விரிந்துகொண்டே போகும் வட்டமாகச் சுற்றும். அப்படிச் சுற்றக் கண்டால் வட்டம் பெரிதாகும் முன் இறக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காற்று போகும் பாதை

வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஊர்ந்து வரும். மாலையில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று கீழே வழியும். இது தினசரி நடக்கிற ஒன்று. பலமான காற்று முகட்டைத் தாண்டும் நாட்களில் மறைவுப் பக்கத்தில் சுழல்கள் உண்டாகும். முகட்டின் இந்தப் பக்கம் மெல்லிய காற்றாக உணர்ந்தது, இருபது மீட்டர் தாண்டியதும் ட்ரோனைக் கீழே அழுத்தும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது முகடுகளும் கணவாய்களும் புதியவருக்கு உகந்த இடமில்லை. மலைக்கு அடியில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கிலும் வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலும் அந்த மாதங்களில் காற்று எப்படி விரட்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

எதிர்காற்றின் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் மறக்காது. ட்ரோனின் வேகம் விநாடிக்கு 12 மீட்டர், காற்றின் வேகம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று போகும் பக்கமே அனுப்பினால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 20 மீட்டர். 600 மீட்டர் தூரத்தை 30 விநாடியில் கடக்கும். திரும்பும்போது மிஞ்சுவது 4 மீட்டர். அதே தூரத்துக்கு 150 விநாடி ஆகும். போகும் நேரத்தைப்போல ஐந்து மடங்கு. காற்று 12 மீட்டரைத் தொட்டால் எவ்வளவு நேரம் ஆனாலும் திரும்பாது. போகும்போது வேகமாகப் போகிறதே என்று மகிழ்கிறவர், பேட்டரி பாதி இருக்கிறதே என்று நம்பித்தான் ட்ரோனை இழக்கிறார். அதனால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்து அனுப்ப வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று அறிய ஒரு பிடி காய்ந்த புல்லைப் பிடுங்கி உயரத்திலிருந்து விட்டாலே போதும். ஆனால் தரையில் வீசுவதைவிட மரங்களுக்கு மேலே காற்று வலுவாக இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இறக்கும்போதும் ஒரு பொறி உண்டு. ஒரே நேர்கோட்டில் வேகமாகக் கீழே இறக்கினால், இறக்கைகள் தாங்களே தள்ளிவிட்ட கலங்கிய காற்றுக்குள் ட்ரோன் அமிழும். உந்துவிசை குறைந்து ஆடத் தொடங்கும். அப்போது மேலே ஏற்ற வேகம் கூட்டினால் கலக்கம்தான் அதிகமாகும். பக்கவாட்டில் நகர்த்திப் புதிய காற்றுக்குள் கொண்டுபோனால் நிமிர்ந்துவிடும். ஹெலிகாப்டர் ஓட்டுநர்களுக்கும் சொல்லித்தரும் பாடம் இது. சாய்வாகவும் நிதானமாகவும் இறக்கினால் இந்தத் தொல்லையே வராது.

மூடுபனி மூணாறின் அழகு. ட்ரோனுக்கு அது தண்ணீர். மஞ்சு என்று நாம் ரசிப்பது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நீர்த்துளிகளின் கூட்டம். சிறிய ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்கு நீர்க்காப்பு கிடையாது. மோட்டாரைக் குளிர்விக்க இருக்கும் துளைகள் வழியாகத் துளிகள் உள்ளே போகும். அதைவிட முக்கியம், பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கை நிறைத்து ஏறிவரும் மஞ்சு ட்ரோனை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். எதிர்மலையின் விளிம்பு மங்கத் தொடங்கினாலே இறக்கும் நேரம் வந்துவிட்டது.

கண்ணும் கையும்

கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்கவிட வேண்டும் என்ற விதிக்குக் கணக்கு இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். 25 செ.மீ. அகலமுள்ள ட்ரோன் 300 மீட்டர் தள்ளிப்போனால், அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் அந்த அலகில் மூன்று மட்டுமே. ஒரு கரும்புள்ளி தெரியும். அதன் மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. மூக்குத் தெரியாவிட்டால் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது? புதியவருக்கு 100 மீட்டரே தாராளம்.

முதல் பயிற்சியை மூணாறில் தொடங்காதீர்கள் என்பதே என் தீர்ப்பு. போடியிலோ தேனியிலோ அறுவடை முடிந்த வயல், ஊருக்கு வெளியே மின்கம்பி இல்லாத திடல், ஜனவரி, பிப்ரவரி மாதத்துக் காலை நேரம்: இதுதான் தொடக்கப் பள்ளி. ஒரு பாயையோ அட்டையையோ விரித்து அதன்மேலிருந்து எழுப்புங்கள். புல்லும் தூசியும் இறக்கையில் சிக்காது. ஜி.பி.எஸ். போதிய செயற்கைக்கோள்களைப் பிடித்து, புறப்பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டதாகத் திரை சொல்லும்வரை காத்திருங்கள். முதலில் ட்ரோனின் வால் நம்மைப் பார்த்தபடி, தலையளவு உயரத்தில் நிறுத்திப் பழகுங்கள். பிறகு ஒரு சதுரம். பிறகு மூக்கை நம் பக்கம் திருப்பி அதே சதுரம். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்: ட்ரோன் நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் வலம் நமக்கு இடம். யோசித்துச் செய்வது யோசிக்காமல் வரும்வரை இதைச் செய்து, பிறகு எட்டு வடிவம் போடுங்கள். ஜி.பி.எஸ். உதவியை அணைக்க வசதி இருந்தால், அதை அணைத்துவிட்டு அகலமான திடலில் காற்றோடு ட்ரோன் நழுவுவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலையில் அது எச்சரிக்கையில்லாமல் நேரும்போது கை நடுங்காது.

கையில் பிடித்து இறக்கும் வித்தையைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் இறக்கை விரலைக் கிழிக்கும். ஆள் நடமாட்டத்துக்கு மேலே போகவே கூடாது. கால் கிலோ எடை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தலையில் விழுந்தால் 28 ஜூல் ஆற்றல் இறங்கும். ஒரு கிலோ கல்லை ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம் அது. தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். மேலே என்ன பறக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் குளித்துத் துவைத்து நிற்பவர்கள் யாருடைய வீடியோவுக்கும் காட்சிப்பொருளல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேலே இரைச்சல், கீழே உயிர்

அரிக்கொம்பன் ஏன் மிரண்டது என்பதை அறிவியல் ஓரளவு விளக்கும். தேனீக் கூட்டத்தின் ரீங்காரத்தைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டால் ஆப்பிரிக்க யானைகள் விலகி ஓடுகின்றன என்று லூசி கிங் குழுவினர் கென்யாவில் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. தான்சானியாவில் வயலுக்குள் வரும் யானைகளைத் திருப்பி அனுப்ப ட்ரோனையே பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. யானையை விரட்டும் கருவியாக வேலை செய்யும் அளவுக்கு அந்த இரைச்சல் அதற்குத் தொல்லை. ஆட்கள் நிறைந்த ஊரின் ஓரத்தில் மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓடாத விலங்கு அமைதியாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்பு மானி பொருத்திச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. ட்ரோன் வந்தபோது பெரும்பாலான கரடிகள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் துடிப்பு ஏறியது. குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க் கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41இலிருந்து 162க்குத் தாவியது. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் பாறைகளில் நிற்கும் வரையாட்டை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. குட்டி போடும் காலத்தில் தொந்தரவு கூடாது என்பதற்காகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி அங்குள்ள ராஜமலையில் சுற்றுலாப் பயணிகளை வனத்துறை நிறுத்திவைக்கிறது. செங்குத்துப் பாறையில் பிறந்து சில நாளான குட்டியோடு நிற்கும் ஆட்டின் தலைக்கு மேலே ஒரு ட்ரோன் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

பருந்தும் கழுகும் வேறு வகை. தங்கள் எல்லைக்குள் வரும் ட்ரோனை அவை எதிரியாகவே பார்க்கும், தாக்கவும் செய்யும். வட்டமிடும் பறவை நெருங்கினால் விட்டு விலகி இறக்கிவிட வேண்டும். இறக்கை பட்டுப் பறவை சாவதும் ட்ரோன் விழுவதும் ஒரே நொடியில் நடக்கும்.

சட்டத்தின் வரைபடம்

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர் இந்த இரண்டு வகைக்கும் ஓட்டுநர் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் வேண்டாம் என்பதைப் பதிவு வேண்டாம் என்று புரிந்துகொள்ளக் கூடாது: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவுசெய்து தனி அடையாள எண் பெறுவது விதி. நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். 249 கிராம் ட்ரோனுக்கு இறக்கைக் காப்பு மாட்டினாலோ பெரிய பேட்டரி போட்டாலோ அது மைக்ரோ ஆகிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குமுன் அதைப் பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் தரையிலிருந்து 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. ஒவ்வொரு முறையும் பறக்குமுன் அரசின் வரைபடத்தைப் பார்ப்பதும் கட்டாயம்.

மூணாறில் அந்தப் பச்சை நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நகரைச் சுற்றி நான்கு தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன: 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை. சின்னாறு, குறிஞ்சிமலை என்று இரண்டு சரணாலயங்கள் வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இங்கெல்லாம் வனத்துறையின் அனுமதி வேண்டும்; விலங்கை விரட்டுவதையும் அந்தச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது. மாட்டுப்பட்டி, குண்டளை போன்ற அணைகளின் மேல் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் போலீஸ் நிலையத்தில்தான் போய் நிற்க வேண்டும். மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தில் 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து வந்த கடல்விமானம் சோதனையாக இறங்கியது. மலைக்கு மேலே இருக்கும் வானம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு அது சாட்சி. மிச்சமிருக்கும் பச்சைச் சரிவுகளில் பெரும்பகுதி தேயிலை எஸ்டேட் நிலம். நிர்வாகத்தைக் கேட்காமல் நுழையக் கூடாது.

இத்தனையும் கழித்தால் மூணாறில் எங்கேதான் பறக்கவிடுவது என்று கேட்கலாம். அனுமதி வாங்கிய எஸ்டேட் மைதானம், தங்கும் விடுதியின் சொந்தத் திடல், காட்டு எல்லையிலிருந்து விலகிய திறந்த நிலம் என்று இடங்கள் இருக்கவே செய்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில், சமவெளியில் பழகிய கையோடு, 100 மீட்டர் தூரத்துக்குள், காற்றை எதிர்த்துப் புறப்பட்டுத் திரும்பினால் அழகான படங்கள் கிடைக்கும். யானையோ ஆடோ கண்ணில் பட்டால் உடனே இறக்கிவிடுங்கள். ட்ரோன் காட்டுக்குள் விழுந்துவிட்டால் தேடி உள்ளே நுழையாதீர்கள். பக்கத்து வனத்துறை நிலையத்தில் சொல்லுங்கள். போன ட்ரோனை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.